முதுகில் ஏறிய நெபுலா

அத்தியாயம் 5

மேஜைமேல் இருந்த போன் கவரைக் கையில் எடுத்ததும் மாமா செய்த முதல் காரியம், சட்டை நுனியால் அதை நாலு தேய் தேய்த்ததுதான்.

"அழுக்கு போகவே மாட்டேங்குதே."

"மாமா, அது அழுக்கு இல்ல. நட்சத்திரம்."

"அத்தனையுமா?" மாமா கவரைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். கறுப்பு வானம். கீழ் மூலையில் செக்கச்செவேல் என்று ஒரு வாயு மேகம், அதுதான் நெபுலா. சுற்றிலும் பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகள். "நல்லவேளை, சோப்பு கேக்கறதுக்குள்ள சொன்ன."

மாமா முப்பது வருடம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது அக்கா மகளின் துப்பறியும் அலுவலகத்தில் உதவியாளர். அக்கா மகளுக்கு வயது இருபத்தாறு. எதையும் நின்று நிதானமாகப் பார்ப்பதால் தெருவில் அவளுக்கு 'நோட்டம்' என்று பெயர் விழுந்துவிட்டது. லாண்டரிக் கடையின் மாடியில் ஒற்றை அறைதான் அலுவலகம். சுவரில், மாலை வகுப்பில் வாங்கிய துப்பறியும் படிப்புச் சான்றிதழ். நூற்றுக்கு எழுபத்தொன்று. வருகிறவர்கள் எல்லாம் எழுபத்தொன்றைப் பார்ப்பார்கள். நோட்டத்தின் கண்ணுக்கு மட்டும் கைவிட்டுப் போன இருபத்தொன்பதுதான் தெரியும்.

அதனால்தானோ என்னவோ, அவளுடைய குறிப்பேட்டில் ஒவ்வொரு பக்கமும் மூன்று பத்தியாகப் பிரிந்திருக்கும். 'நிச்சயம்', 'பாதி நிச்சயம்', 'மாமா சொன்னது'. மூன்றாவது பத்திதான் எப்போதும் சீக்கிரம் நிரம்பும்.

எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் ஒரு மருந்துக்கடையில் கவுண்டர் பார்க்கும் அம்மாள். நாற்பதைத் தாண்டியவர். வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தார்.

"அந்தக் கவர்ல இருக்கறது நான் எடுத்த படம்ங்க" என்றார். "குழாயும் கண்ணாடியும் வாங்கி நானே சேர்த்து செஞ்ச டெலஸ்கோப். மொட்டைமாடியில வெச்சு பதினோரு ராத்திரி எடுத்தேன். எங்க வான்நோக்கர் சங்கத்துப் போட்டிக்கு அனுப்பினேன். போன வாரம் முதல் பரிசுன்னு சொன்னாங்க. பரிசு என்ன தெரியுமா? மலைமேல சங்கத்துப் பெரிய டெலஸ்கோப் இருக்கு. ஒரு வருஷத்துக்கு அது என்னுது."

"அப்புறம்?"

அந்த அம்மாள் ஒரு கடிதத்தை நீட்டினார். சங்கத்தின் செயலாளர் எழுதியது. நோட்டம் வாய்விட்டுப் படித்தாள். 'தாங்கள் சமர்ப்பித்த படம் கடைகளில் போன் கவராக விற்கப்படுவது தெரியவந்துள்ளது. விற்பனையில் உள்ள படத்தைத் தாங்கள் எடுத்ததாகக் கூறி ஏமாற்றியதாகக் கருதுகிறோம். இன்று மாலை ஐந்து மணிக்கு நேரில் வந்து விளக்கம் தராவிட்டால் பரிசும் உறுப்பினர் தகுதியும் ரத்து செய்யப்படும்.'

"டெலஸ்கோப் போனா போகுதுன்னு சொல்லலாம்னு பாத்தேன்" என்றார் மருந்துக்கடை அம்மாள். "வாய் வரலைங்க. அது போகக் கூடாது. அதைவிட, ஒன்பது வருஷமா போய்வர்ற இடத்துல திருடின்னு பேர் வாங்கிட்டு எந்த முகத்தோட அந்தப் படியேறுவேன்?"

"கவரைக் கண்டுபிடிச்சது யாரு?"

"செயலாளரோட மச்சான். கடையில பாத்து வாங்கிட்டு வந்தாராம். அவருக்குத்தான் ரெண்டாம் பரிசு. எனக்கு இல்லைன்னா டெலஸ்கோப் அவருக்கு."

மாமா கைதட்டினார். "ஆச்சு! கேஸ் முடிஞ்சுது. எல்லாரும் இறங்குங்க, கடைசி ஸ்டாப்பு."

நோட்டம் அதை மூன்றாவது பத்தியில் எழுதினாள். "படத்தை நீங்க யாருக்கெல்லாம் அனுப்பினீங்க?"

"செயலாளர் போனுக்கு மட்டும். போன மாசத்துக்கு முந்தின மாசம், முதல் தேதி. வேற ஒரு ஈ காக்காய்க்குக்கூடக் காட்டலை. செயலாளரும் மச்சானும் ஒரே வீடுதான். அவர் கீழ, இவர் மாடியில."

"பாத்தியா!" என்றார் மாமா. "அத்தான் குளிக்கப் போறாரு, போன் கட்டில்மேல கிடக்குது, மச்சான் மாடியில இருந்து இறங்கி வர்றாரு. நானே கூட இருந்து பாத்த மாதிரி இருக்கு."

மருந்துக்கடை அம்மாள் தன் படத்தின் பெரிய பிரதி ஒன்றைக் கொடுத்துவிட்டு, நாலரை வரை கடையைவிட்டு நகர முடியாது என்று சொல்லி அவசரமாகக் கிளம்பிப் போனார். அப்போது மணி பதினொன்று.

நோட்டம் படத்தையும் கவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். இரண்டும் ஒன்றுபோலவே இல்லை. படத்தில் மேகத்தின் ஒளிமிக்க நெஞ்சுப் பகுதி இடது மேல் மூலையில் இருந்தது. கவரில் வலது கீழ் மூலை. அந்த அம்மாள் பொய் சொல்லிவிட்டாரோ? இருபத்தொன்பது மார்க் ஒவ்வொன்றாக வந்து எதிரே உட்கார ஆரம்பித்தது.

மாமா சும்மா இருப்பாரா? கவரைக் காதில் வைத்துக்கொண்டார். "ஹலோ, வானமா? அண்ணன் இருக்காரா? சரி, சூரியன் வந்தா சொல்லுங்க."

"மாமா! அப்படியே இருங்க, அசையாதீங்க!"

"ஏன், லைன் கிடைச்சிடுச்சா?"

அவர் கவரைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். தலைகீழாகப் பார்த்தால் அச்சு அசலாக அதே படம். நோட்டத்துக்கு மூச்சு வந்தது. கவரின் இடது மேல் மூலையில் கேமராவுக்கான ஓட்டை இருந்தது. படத்தை நேராக அச்சடித்தால் ஒளிமிக்க இடம் பூராவும் ஓட்டையில் போய்விடும். அதனால் யாரோ வானத்தையே தலைகீழாகத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள்.

"அப்ப ஜெயிச்சாச்சே" என்றார் மாமா. "கவர்ல ஓட்டை இருக்கு. ஓட்டையில இருந்த வானமும் இவங்க படத்துல இருக்கு. கவரைப் பாத்து எடுத்திருந்தா அந்த இடத்துக்கு எங்க போவாங்க?"

நோட்டம் நிமிர்ந்து பார்த்தாள். மாமா சொன்னதை இரண்டாவது பத்தியில் எழுத வேண்டிய நாள் ஒன்று வரும் என்று அவள் நினைத்ததில்லை. "நல்ல பாயிண்ட் மாமா. ஆனா, கவர் கம்பெனிக்கு முழுப் படத்தைக் கொடுத்தது யாரோ, அவங்ககிட்ட இருந்துதான் இவங்களும் எடுத்தாங்கன்னு சொல்லுவாங்க. யார் கொடுத்தா, எப்பக் கொடுத்தாங்கன்னு தெரியணும்."

தெரியும் வரை சும்மா இருக்கும் சுபாவமும் அவளுக்கு இல்லை. டிரேசிங் தாளில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு இரண்டின்மேலும் விரித்து, பூதக்கண்ணாடியால் ஒவ்வொரு புள்ளியாகச் சரிபார்க்க ஆரம்பித்தாள். மாமா இரண்டு தடவை கீழே போய் டீ வாங்கி வந்தார். இரண்டு தடவையும் இரண்டு பேருடைய டீயையும் அவரே குடித்தார்.

பதினேழாவது கட்டத்தில் அவள் கை நின்றது. அந்த அம்மாளின் படத்தில் ஓரமாக, மங்கலாக, விரலால் மையைத் தீற்றியதுபோல ஒரு சின்னக் கறை. கவரில் அந்த இடம் சுத்தக் கறுப்பு. அதுவரை பார்த்த நானூறு சொச்சம் புள்ளிகளும் அப்படியே இருக்க, இந்த ஒன்று மட்டும் இல்லை.

'பாதி நிச்சயம்' என்ற பத்தியில் எழுதிவிட்டு, கவர் வந்த அட்டைப்பெட்டியைத் திருப்பினாள். அச்சகத்தின் விலாசம் அடியில் இருந்தது.

டயர் கடைக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட நீளமான கூடம். வாசலில் ஒரு பலகை. 'செருப்பைக் கழற்றவும். கையைத் துடைக்கவும்.' அதன்கீழே வேறு யாரோ பேனாவால் எழுதியிருந்தார்கள். 'மூச்சை வெளியிலேயே விட்டுவிட்டு வரவும்.'

உள்ளே அலமாரி அலமாரியாகக் கவர்கள் அடுக்கியிருந்தன. அத்தனையும் வானம். நிலாவின் குழிகள், வால்நட்சத்திரங்கள், சனிக் கிரகம். சனியின் வளையத்துக்குள் கேமரா ஓட்டை சரியாக உட்காரும்படி பொருத்தியிருந்ததைப் பார்த்து நோட்டம் மனசுக்குள் சபாஷ் போட்டாள். ஓரத்தில் சூட்டு அச்சு இயந்திரம் ஒன்று புஸ் புஸ் என்று கவர்களை அமுக்கிக்கொண்டிருந்தது.

படங்களைத் திருத்துபவர் கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். முப்பது வயதிருக்கும். கை நீட்டி வரவேற்றார். பிறகு அந்தக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"இங்க எல்லாரும் என்னைச் 'சுத்தம்'னுதான் கூப்பிடுவாங்க. நீங்களும் அப்படியே கூப்பிடலாம். சார், அந்த மேஜைமேல சாயாதீங்க."

நோட்டம் கவரைக் காட்டினாள். சுத்தத்தின் முகம் மலர்ந்தது. "நம்ம வேலைதான் மேடம். இப்ப நல்லா ஓடுது. தலைகீழாத் திருப்பினது நான்தான். நெஞ்சு ஓட்டையில போயிடும் பாருங்க."

"இந்த இடத்துல ஒரு மங்கலான கறை இருந்துதே?"

"அதையும் பாத்துட்டீங்களா!" அவர் பெருமையோடு நாற்காலியைத் திருப்பினார். "துடைச்சு எடுத்துட்டேன். கறுப்புக் கவர்னாலே தலைவலிதான் மேடம். சில பேர் வாங்கிட்டுப் போய்த் தேய்ச்சுப் பாப்பாங்க. போகலைன்னதும் 'அழுக்கா இருக்கு, மாத்திக் குடு'ன்னு வந்து நிப்பாங்க."

"அப்படியும் ஆளுங்க இருக்காங்க பாருங்க" என்று மாமா சட்டை நுனியை உள்ளே சொருகிக்கொண்டார்.

"அதனால நான் ஒரு கணக்கு வெச்சிருக்கேன். கூரா, பளிச்சுன்னு இருந்தா நட்சத்திரம், விட்டுடுவேன். மங்கலா, தீத்தின மாதிரி இருந்தா அழுக்கு. ஒண்ணு விடாம எடுத்துடுவேன். ஒரு படத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும்."

நோட்டம் மருந்துக்கடைக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தாள்.

"இருங்க... காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, சாப்பாட்டுக்கு அப்புறம். உங்களுக்கு இல்லைங்க. நீங்க சொல்லுங்க."

"உங்க படத்துல ஓரமா மங்கலா ஒரு கறை இருக்கே. அது என்னம்மா?"

மறுமுனையில் குரல் வேறு மாதிரி வந்தது. "அதைப் பாத்தீங்களா? இதுவரைக்கும் ஒருத்தர்கூட அதைப் பத்திக் கேட்டதில்லைங்க. அது ஒரு கேலக்ஸி."

"அப்படின்னா?"

"நம்ம சூரியன் மாதிரி கோடி கோடியா சூரியன் சேர்ந்து கிடக்கற ஒரு கூட்டம். ரொம்ப ரொம்பத் தூரத்துல இருக்கறதால தீத்தின மாதிரி தெரியுது. ஏங்க, அதுக்கு என்ன?"

நோட்டம் சுத்தத்தைப் பார்த்தாள். சுத்தம் தன் கையில் இருந்த துணியைப் பார்த்தார்.

"ஒண்ணுமில்லம்மா" என்றார் மாமா, போனுக்கு அருகே குனிந்து. "இங்க ஒரு தம்பி அதைத் துடைச்சிட்டாரு. அஞ்சு நிமிஷ வேலையா இருந்திருக்கும்."

"ரெண்டு நிமிஷம்" என்றார் சுத்தம், உலர்ந்த குரலில்.

போனை வைத்த பிறகும் அவர் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். "கோடியா மேடம்? கோடின்னா சொன்னாங்க?"

"விடுங்க தம்பி" என்று மாமா தோளில் தட்டினார். "தெரியாமத்தானே காலி பண்ணீங்க. இதுக்கு முன்னாடி எத்தனை படம் துடைச்சிருப்பீங்க?"

சுத்தம் அலமாரிகளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார்.

நோட்டம் காரியத்துக்கு வந்தாள். "இந்தப் படம் உங்களுக்கு எப்படி வந்துது?"

"கஸ்டமர் கொடுத்ததுதான். தன் போனுக்கு ஒரு கவர் போடச் சொல்லிப் படம் கொடுப்பாங்க. படம் நல்லா இருந்தா எங்க வரிசையிலயும் சேர்த்துக்குவோம். அதோ போர்டுல எழுதியிருக்கு." போர்டில் அந்த வரி மட்டும் எறும்பு அளவில் எழுதியிருந்தது.

"யார் அந்த கஸ்டமர்?"

சுத்தம் பதிவேட்டைத் திறந்தார். நோட்டம் எட்டிப் பார்த்தாள். பக்கம் முழுக்கத் தேதியும் போன் மாடலும்தான். ஒரு பெயர்கூட இல்லை.

"பேர் எழுத மாட்டோம் மேடம். எங்களுக்கு ஆளா முக்கியம்? மாடல்தான் முக்கியம். ஓட்டை எங்க வரணும்னு தெரியணும்ல? இதோ, போன மாசத்துக்கு முந்தின மாசம், பன்னெண்டாம் தேதி."

படத்தை அந்த அம்மாள் அனுப்பியது முதல் தேதி. பதினோரு நாள் கழித்து இங்கே வந்திருக்கிறது. நோட்டம் அதை 'நிச்சயம்' பத்தியில் எழுதினாள். அன்றைக்கு அந்தப் பத்தியில் ஏறிய முதல் வரி அது.

"ஆள் முகம் ஞாபகம் இருக்கா?"

"ஆள் முகமா? சத்தியமா இல்ல. போன் முகம் நல்லா ஞாபகம் இருக்கு. ரொம்பப் பழைய மாடல். கேமரா ஓரத்துல இல்ல, மேல நட்ட நடுவுல ஒத்தைக் கண்ணு. அதுக்குக் கவர் வர்றதே நின்னுபோச்சு. வேற ஒரு கவரை வெட்டி, நடுவுல ஓட்டை போட்டு, கையாலயே செஞ்சு கொடுத்தேன். இந்த ஊர்ல அந்த போனை வெச்சிருக்கறது அவர் ஒருத்தராத்தான் இருக்கும்."

மாமா கையை உரசிக்கொண்டார். "அப்ப அஞ்சு மணிக்குப் போறோம், மச்சான் பாக்கெட்டுல கைய விடுறோம், ஒத்தைக் கண்ணனை வெளிய எடுக்கறோம்."

"நானும் வரட்டுமா மேடம்?" என்று சுத்தம் எழுந்தார். "அந்த அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்."

சங்கத்தின் அறையில் நீள மேஜை ஒன்று. சுவரெங்கும் வான் வரைபடங்கள். மேஜையின் தலைமாட்டில் சங்கத் தலைவர் உட்கார்ந்திருந்தார். அவர் ஒரு பல் டாக்டர். பக்கத்தில் விதிப்புத்தகமும் தானுமாகச் செயலாளர். தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு கடிதத்துக்குத் தலைகீழாகத் தபால்தலை ஒட்டியிருந்தால் அன்றைக்குச் சாப்பிட மாட்டார் என்று பெயர் வாங்கியவர். அவருக்கு எதிரே மைத்துனர். தலை வாரி, சட்டைக்கு இஸ்திரி போட்டு, ஏற்கெனவே மலைமேல் பாதி தூரம் ஏறிவிட்டவர்போல் இருந்தார். மருந்துக்கடை அம்மாள் ஓர ஓரமாக உட்கார்ந்து கைக்குட்டையை முறுக்கிக்கொண்டிருந்தார்.

செயலாளர் கடிதத்தை ஒரு எழுத்து விடாமல் வாசித்து முடித்தார். "விளக்கம் இருக்கா?"

நோட்டம் எழுந்தாள். "ஒரே ஒரு வேண்டுகோள். எல்லாரும் உங்க போனை மேஜைமேல வைக்கணும்."

"விசாரணை பண்றது நாங்க" என்றார் செயலாளர்.

"வைங்களேன்" என்றார் பல் டாக்டர். "வலிக்காது."

மாமா மைத்துனர் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். டிக்கெட் எடுக்காதவனைப் பிடித்த பழைய கம்பீரம் முகத்தில் திரும்பியிருந்தது. மைத்துனர் தோளைக் குலுக்கிவிட்டுப் போனை எடுத்துக் கவிழ்த்து வைத்தார்.

புத்தம் புது மாடல். ஓரத்தில் மூன்று கேமரா.

"மூணு கண்ணு!" என்றார் மாமா, இருக்கிற காற்றெல்லாம் இறங்கிப்போய்.

மைத்துனர் ஒன்றும் புரியாமல் விழித்தார். "ஏன், மூணு இருக்கக் கூடாதா?"

நோட்டத்துக்குக் காது சுட்டது. இருபத்தொன்பது மார்க்கும் வரிசை கட்டி வந்து மேஜையைச் சுற்றி உட்கார்ந்தது. காலையில் இருந்தே மனசுக்குள் இவரைக் கூண்டில் ஏற்றி வைத்திருந்தோமே, மூன்றாவது பத்தியில் எழுதியதை முதல் பத்தியில் எழுதியதுபோல நம்பிவிட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். பல் டாக்டரின் போனைப் பார்த்தாள். இரண்டு கேமரா, ஓரத்தில்.

செயலாளர் பெருமூச்சு விட்டுச் சட்டைப் பையில் கை விட்டார். மொத்தமான தோல் பவுச் ஒன்றை எடுத்து வைத்தார். முன்பக்கம் திரைக்குக் கண்ணாடித்தாள், மூன்று பக்கம் தையல், மேலே பட்டன். போட்டோ எடுக்க வசதியாகப் பவுச்சின் முதுகில் கத்தரியால் ஒரு வட்டம் வெட்டியிருந்தது.

வட்டம் நட்ட நடுவில் இருந்தது.

நோட்டம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுத்தமும் பார்த்தார். "அவரா?" என்று உதடு மட்டும் அசைந்தது.

"சார்" என்றாள் நோட்டம், எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாக. "அந்தப் பவுச்சைக் கழட்டிக் காட்ட முடியுமா?"

"அது எதுக்கு? உள்ள கவர் இருக்கு."

"கவருக்கு மேல எதுக்கு சார் பவுச்?" என்றார் மாமா.

"கவர் புதுசு. கீறல் விழக் கூடாதுல்ல?"

பவுச் கழல மறுத்தது. போட்ட நாளில் இருந்து யாரும் கழற்றியதில்லை. கடைசியில் பல் டாக்டர் வாங்கி, ஒரு கையால் பவுச்சை அழுத்திப் பிடித்து, மறு கையால் போனை இப்படியும் அப்படியும் மெல்ல ஆட்டி, வேரோடு பிடுங்கினார்.

கறுப்பு வானம். செக்கச்செவேல் மேகம். துளிக் கீறல்கூட இல்லை.

செயலாளர் தன் போனை முதல் தடவையாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். உண்மையில் அதன் முதுகை முதல் தடவையாகத்தான் பார்த்தார்.

"'என்ன படம் போடட்டும்'னு இவர் கேட்டாரு" என்று சுத்தத்தைக் காட்டி மெதுவாகச் சொன்னார். "வானம் போடுங்கன்னேன். போன்லயே நிறைய இருக்கு, நல்லதா ஒண்ணைப் பாத்துப் போடுங்கன்னு கொடுத்துட்டு டீ குடிக்கப் போயிட்டேன். திரும்பி வந்தப்ப நாலு சுத்து பேப்பர் சுத்திக் கொடுத்தாரு."

"தூசி படக் கூடாதுன்னு சுத்தினேன்" என்றார் சுத்தம்.

"பிரிச்ச கையோட பவுச்சுக்குள்ள போட்டுட்டேன். போட்டிக்கு வந்த படமும் அதே போன்லதானே இருந்துதுன்னு..." அவர் மருந்துக்கடை அம்மாளைப் பார்த்து எழுந்து நின்றார். "அம்மா, உங்களைத் திருடின்னு எழுதின கை இது. படத்தை வெளிய விட்டதும் இதே கைதான். எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

அந்த அம்மாளின் முகத்தில் மறுபடியும் ரத்தம் ஓடியது. மாமா ஜேப்பில் விசிலைத் தேடினார், பழக்கதோஷத்தில்.

"ஆனா" என்றார் செயலாளர். உட்கார்ந்து விதிப்புத்தகத்தைப் புரட்டினார். "பதினோராம் விதி. முடிவு அறிவிக்கறதுக்கு முன்னாடி வெளியான படம் போட்டியில இருக்கக் கூடாது. யாரால வெளியானாலும் சரி. தப்பு என்னுதுதான். அதுக்காக விதியை வளைக்க எனக்கு அதிகாரம் கிடையாது. பரிசு செல்லாது."

"அத்தான்!" என்றார் மைத்துனரே, அதிர்ந்துபோய். "கிடைச்சா எனக்கு நல்லதுதான். அதுக்காக இப்படியா?"

மருந்துக்கடை அம்மாள் கைக்குட்டையைப் பைக்குள் வைத்து எழப் போனார். நோட்டம் குறிப்பேட்டைப் பார்த்தாள். இரண்டாவது பத்தியில் பதினேழாம் கட்டம் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. சொல்லலாமா? சிரித்துவிட்டால்? சிரித்தால் சிரிக்கட்டும்.

"சார், வெளியானது இந்த அம்மாவோட படமே இல்ல."

"கண்ணு முன்னாடி இருக்கே!"

"இதுல ஒரு கேலக்ஸி குறையுது."

அவள் கவரையும் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பூதக்கண்ணாடியை நகர்த்திக் காட்டினாள். சுத்தம் எழுந்து, கைகட்டி, தான் துடைத்த விதத்தைச் சொன்னார். "அழுக்குன்னு நினைச்சேன்ம்மா. கோடின்னு தெரியாது. மன்னிச்சிடுங்க." மைத்துனர் சுவரில் இருந்த வரைபடத்துக்கு ஓடிப்போய் விரலால் தேடினார். மேகத்தின் ஓரத்தில், அச்சில்கூட மங்கலாக, ஒரு சின்ன நீள்வட்டம் இருந்தது. "இருக்கு அத்தான்! எனக்கே இத்தனை வருஷமா மாட்டாதது. எப்படிங்க பிடிச்சீங்க?"

"ஒரு புள்ளி குறைஞ்சா அது வேற படம் ஆயிடுமா?" என்றார் செயலாளர். ஆனால் குரலில் பழைய உறுதி இல்லை.

மருந்துக்கடை அம்மாள் நிமிர்ந்தார்.

"சார், மேகம் எனக்கு முதல் ராத்திரியே கிடைச்சிடுச்சு. அது எல்லாருக்கும் கிடைக்கும். மீதி பத்து ராத்திரி கண்ணு முழிச்சது அந்தப் புள்ளிக்கு மட்டும்தான். நான் எடுத்த படம் அதுதான். சுத்தி இருக்கறதெல்லாம் கூட வந்தது."

செயலாளர் பல் டாக்டரைப் பார்த்தார். பல் டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"முப்பத்தஞ்சு வருஷமா பல் பாக்கறேன். ஒரு பல் போனதுக்கு அப்புறமும் இது அதே வாய்தான்னு ஒருத்தருக்குக்கூட நான் எழுதிக் கொடுத்ததில்ல. இது வேற படம். எழுதிக்குங்க."

செயலாளர் விதியை இன்னொரு தடவை, அடியில் விரல் வைத்துப் படித்தார். பிறகு புத்தகத்தை மூடினார். மூடும்போது அவர் முகத்தில் தெரிந்த நிம்மதியை மாமா பிற்பாடு பல நாள் நடித்துக் காட்டினார். டெலஸ்கோப்பின் உபயோகப் பதிவேட்டை எடுத்து, புதுப் பக்கத்தைத் திருப்பி, அந்த அம்மாள் முன்னால் தள்ளினார்.

"எத்தனை ராத்திரி வேணும்னு குறிங்க."

"மேகமூட்டம் இல்லாத ராத்திரி எல்லாம்" என்றார் அந்த அம்மாள், பேனாவை வாங்கிக்கொண்டே. "அந்தப் புள்ளிக்குப் பக்கத்துல, அதைவிட மங்கலா இன்னொண்ணு இருக்கற மாதிரி தோணுது. சந்தேகம்தான். பெரிய டெலஸ்கோப்ல பாத்தாத்தான் தெரியும்."

அவர் எழுதி முடிக்கும் வரை மைத்துனர் பொறுத்தார். பிறகு தொண்டையைக் கனைத்தார்.

"அப்ப, மேகமூட்டம் இருக்கற ராத்திரியையாவது எனக்குக் கொடுங்களேன்."

செயலாளர் மறுபடியும் விதிப்புத்தகத்தைத் திறந்து முதலில் இருந்து கடைசி வரை புரட்டினார். தடை சொல்லும் விதி எதுவும் இல்லை. அந்த அம்மாளின் வரிக்குக் கீழே மைத்துனரின் பெயரை எழுதினார். எதிரே 'மேகம் மற்றும் மழை நாட்கள்' என்று குறித்து, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டார்.